மூன்றாவது சிவப்புப் புள்ளி

ஏஞ்சல் மேரியின் பால் அட்டையில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. மூன்றாவது விழுந்தால் சீஸ் கம்பெனி அவளிடம் பால் எடுப்பதை நிறுத்திவிடும். வில்லியனூர் பக்கத்துக் கிராமத்தில் பால் ஊற்றும் எல்லோருக்கும் இந்த விதி தெரியும். ஏஞ்சல் மேரிக்குத் தூக்கத்திலும் தெரியும்.

முதல் புள்ளிக்குக் காரணம் அவளுடைய பசு லில்லி. வேலியைத் தாண்டிப் போய்ப் பக்கத்துக் கொல்லையில் ஒரு பாத்தி முள்ளங்கியைத் தின்றுவிட்டு வந்தது. மறுநாள் பாலிலும் முள்ளங்கி வாசம். இரண்டாவது, கேன் மூடியில் ஒட்டியிருந்த வைக்கோல். லில்லி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர் கறக்கும். நாற்பத்தொரு வயது ஏஞ்சல் மேரி நடவு வேலையை விட்டதும், மகளை நர்சிங் படிப்பில் சேர்த்ததும் அந்தப் பன்னிரண்டு லிட்டரை நம்பித்தான்.

வேளாங்கண்ணிக்கு வேன் கிளம்புவதற்கு முந்தின நாள் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவளோடு சேர்த்து ஊரில் பால் ஊற்றும் பத்தொன்பது பெண்கள், ஒரு டிரைவர். எல்லோருக்கும் கட்டுச்சோறு தன் பொறுப்பு என்று அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். இருபது பேருக்குப் புளிசோறு. அண்டாவில் சோறு, குண்டானில் தாளிப்பு, தேக்சாவில் உருளைக்கிழங்கு. கரைத்த புளிக்குப் பாத்திரம் இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பால் கேன்தான் கண்ணில் பட்டது. அதில் ஊற்றினாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தக் கேனை அவசரமாக இரண்டு முறை அலசிவிட்டு லில்லியின் பாலை நிரப்பினாள். கம்பெனி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. அவளும் அதை மறந்துபோனாள்.

வேன் கிளம்பியதிலிருந்து ஒரே கூத்து. மூலக்குளத்தில் பாட்டு, அரியாங்குப்பத்தில் கைதட்டல். டிரைவர் கில்பர்ட் ஹார்ன் அடித்தால் அதற்கும் ஒரு குலவை. வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி வாங்கி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். அறுபது தாண்டிய பவுனம்மாள்தான் எல்லோரையும்விடப் பெரிய மெழுகுவத்தி வைத்திருந்தாள்.

பாகூர் தாண்டியதும் கில்பர்ட் சொன்னார். “நீங்க ஊத்தற பாலு போற கம்பெனி இதுதான். பாக்கறீங்களா? அரை மணி நேரம், அதுக்கு மேல நிக்க மாட்டேன்.”

ஏழு வருடமாகப் பால் ஊற்றுகிறார்கள். ஒருத்திகூட அந்தக் கதவுக்குள் போனதில்லை. வேன் நிற்பதற்குள்ளேயே ஆறு பேர் இறங்கிவிட்டார்கள்.

மேனேஜர் கலைவேந்தன் இருபத்தெட்டு வயதுப் பையன். பத்தொன்பது பெண்கள் ஒரே நேரத்தில் “வணக்கம்பா” என்றதும் ஓரடி பின்வாங்கினான். செருப்பைக் கழற்ற வேண்டும், ரப்பர் பூட்ஸ் போட வேண்டும், தலைக்கு வலைத்தொப்பி. தலையில் பூ கூடாது.

“பூ இன்னா பண்ணுது உன்ன?” என்றாள் பவுனம்மாள்.

“சீஸ்ல விழுந்துடும் பாட்டி.”

“பாட்டியா? யாருக்குடா பாட்டி?”

பத்தொன்பது முழம் பூவும் வாட்ச்மேன் சைக்கிளின் ஹேண்டில்பாரில் தொங்கியது. கல்யாணத்துக்குக் கிளம்பியது போல நின்றது சைக்கிள். தொப்பியை மாட்டிக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததும் சிரிப்பு கிளம்பிவிட்டது. நடு அறை வரை அது அடங்கவேயில்லை.

நடு அறையில் ஒரு பெரிய எவர்சில்வர் தொட்டி. “காலையில உங்க ஊர்ல எடுத்த பாலு எல்லாம் இதுலதான் இருக்கு, ஐநூறு லிட்டர்” என்றான் கலைவேந்தன். அதற்குள் போன் அடித்தது. “ஒரு நிமிஷம்” என்று வெளியே போனான்.

எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

தொட்டியில் பால் இல்லை. பச்சை ஓடிய தண்ணீர். அதில் வெள்ளை வெள்ளையாய்க் கட்டிகள் மிதந்தன. மேலே ஒரு துடுப்பு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

“திரிஞ்சி போச்சுடி” என்றாள் கல்பனா. அவள் ஏஞ்சல் மேரிக்கு எதிர்வீடு.

பால் திரிவதைப் போன்ற கெட்ட காட்சி பால்காரிக்கு வேறில்லை. ஒரு சொம்பு திரிந்தாலே அன்றைக்கு வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். இங்கே ஐநூறு லிட்டர். ஏஞ்சல் மேரிக்கு மூக்கில் புளி வாசம் ஏறியது. கேன் நினைவுக்கு வந்தது.

கலைவேந்தன் உள்ளே வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் ஏஞ்சல் மேரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, நான்தான் தம்பி. புளி கரைச்சி வச்ச கேனு. ரெண்டு வாட்டிதான் அலசினேன். ஊர் பாலு மொத்தத்தையும் கெடுத்துட்டேன்.”

“அக்கா, அது வந்து...”

“அவ மட்டும் இல்ல சார்” என்று கல்பனா முன்னால் வந்தாள். “நேத்து சாயங்கால பாலு பிரிட்ஜ்ல கெடந்துச்சி. இன்னிக்கி பாலோட கலந்துட்டேன். அதுதான் கெடுத்திருக்கும்.”

“அக்கா, கொஞ்சம் நான் சொல்றத...”

“அரை சொம்பு தண்ணி” என்றாள் பவுனம்மாள் தொட்டியைப் பார்த்தபடி. “வேணும்னு ஊத்தல. பாத்திரம் கழுவன தண்ணி. பால் வாசன அடிச்சுது, கீழ ஊத்த மனசு வரல.”

“யம்மா, வேளாங்கண்ணி போறதுக்கு முன்னாடியே எல்லாரும் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டீங்களே!” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கலைவேந்தன் இரண்டு கையையும் தூக்கினான். “அக்கா, பால் தானா திரியல. நாங்கதான் திரிய வச்சோம்.”

“இன்னாது?”

“மருந்து ஊத்தி உறைய வச்சி, கத்தி போட்டு அறுத்தா இப்படித்தான் தண்ணி பிரியும். இந்தக் கட்டிய அமுக்கி வச்சா அதுதான் சீஸ்.”

பத்தொன்பது தொப்பிகளும் மறுபடி தொட்டிக்கு மேல் குனிந்தன. துடுப்பு மட்டும் சுற்றியது.

“அப்ப நான் சொன்னத திருப்பிக் குடு” என்றாள் பவுனம்மாள்.

அறையே சிரிப்பில் வெடித்தது. ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்பனாவின் தொப்பி கழன்று விழுந்தது. தொட்டி கழுவ வந்த பெண் வாசலில் நின்று காரணம் தெரியாமலே சிரித்தாள். கலைவேந்தனும் சிரித்தான். ஆனால் அவன் கையில் பால் ரிஜிஸ்டர் இருந்தது.

ஏஞ்சல் மேரி மட்டும் சிரிக்கவில்லை. மணிபர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். இரண்டு புள்ளிகள்.

அவன் ரிஜிஸ்டரைப் புரட்டினான். “உங்க பாலு டெஸ்ட்ல பாஸ்தான் அக்கா. ஆனா கேன்ல வேற பொருள் வச்சா புள்ளி வைக்கணும். விதி. நீங்களே சொல்லிட்டீங்க, எல்லாரும் கேட்டுட்டாங்க. இப்ப நான் வைக்காம விட்டா நாளைக்கு விதியே இருக்காது.”

சிரிப்புச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பவுனம்மாள் பிளவுஸுக்குள்ளிருந்து தன் அட்டையை எடுத்தாள். வெள்ளை வெளேர் என்றிருந்தது.

“அவளுக்கு வைக்கற புள்ளிய இதுல வை. எடம் நெறைய இருக்குது.”

“அப்படிலாம் மாத்த முடியாது.”

“விதியில எழுதியிருக்குதா, யாரு கார்டுல வைக்கணும்னு?”

கலைவேந்தன் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்தான். ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. எழுதியிருக்கவில்லை. அதற்குள் பதினேழு அட்டைகள் அவன் மூக்குக்கு நேரே நீண்டிருந்தன. “எங்கார்டுல வை சார்.” “யே, எனக்கு ஒண்ணுகூட இல்ல, எனக்கு வை.” சினிமா டிக்கெட் கவுன்ட்டர் தோற்றது.

“பாட்டி... அம்மா, உங்களுக்குத் தண்ணிக்கே ஒண்ணு வைக்கணும். இதோட ரெண்டாயிடும்.”

“வைடா. பொட்டு வச்சா அழகாத்தான் இருக்கும்.”

அவன் வைத்தான். இரண்டு புள்ளி. கல்பனாவுக்குப் பழைய பாலுக்கு ஒன்று. ஏஞ்சல் மேரியின் அட்டையில் புள்ளி வைக்காமல் திருப்பிக் கொடுத்தான்.

அதன்பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே துடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே மேசைமேல் வைத்திருந்த சீஸ் துண்டை வாயில் போட்டாள். முகம் சுருங்கியது. ஏழு வருடம் தான் ஊற்றிய பாலை முதல் முறையாகத் தின்கிறாள்.

“எப்படிக்கா இருக்கு?” என்றான் கலைவேந்தன்.

“உப்பு சரியா இருக்குது. மத்தத கேக்காத.”

கடலூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கில்பர்ட் வேனை நிறுத்தினார். கலைவேந்தன் பொட்டலம் கட்டிக் கொடுத்த சீஸில் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துப் புளிசோற்றின் மேல் வைத்துத் தின்றார்கள். பவுனம்மாள் மூன்று துண்டு தின்றாள். தன் இரண்டு புள்ளிகளையும் வேனிலிருந்த எல்லோருக்கும் தனித்தனியாகக் காட்டினாள்.

ஊர் திரும்பிய மறுநாள் ஏஞ்சல் மேரி வில்லியனூர் பாத்திரக்கடையில் ஐந்து லிட்டர் தூக்கு ஒன்று வாங்கினாள். பேர் வெட்டும் பையன் மெஷினை எடுத்துக்கொண்டு, என்ன பேர் போடணும் என்று கேட்டான்.

“புளிக்கு மட்டும்னு வெட்டு” என்றாள். “பெரிய எழுத்துல.”