சலாலா மழையில் கூப்பிட்ட பெயர்

துபாயில் இருப்பவர்கள் மழை பார்க்க சலாலாவுக்குப் போவார்கள். ஓமானின் தென்கோடியில், கடலை ஒட்டி இருக்கும் மலைப்பகுதி. ஆடி மாதத்தில் வளைகுடா முழுவதும் காய்ந்த தோசைக்கல்லாகக் கிடக்கும்போது அங்கே மட்டும் மேகம் இறங்கி, சாரல் விழுந்து, மலை பச்சையாகிவிடும். துபாய் குசைஸ் பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மட்டும் அந்த வருடம் மூன்று குடும்பங்கள் போய்வந்து, குடையோடு எடுத்த படங்களைக் காட்டி என் உயிரை வாங்கின.

என் கணவருக்கு மழை என்ற பேச்சே ஆகாமல் போயிருந்தது. அந்த வருடம் சித்திரை மாதத்தில் துபாயில் ஒரு மழை கொட்டியதே, ரோட்டில் கார்கள் மிதந்தன, விமான நிலையத்துக்குள் தண்ணீர் வந்தது, அந்த மழையன்றுதான் ஊரில் என் மாமனார் இறந்தார். இவர் பெட்டியோடு ஏர்போர்ட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு விமானமும் கிளம்பவில்லை. ஐஸ் பெட்டியில் எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பார்கள்? கடைசியில் இவர் தம்பி கொள்ளி வைத்தார். மூத்த பிள்ளையான இவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் எல்லோரும் ஃப்ளைட் எப்போது என்று கத்திக்கொண்டிருந்ததால் ஊரில் யார் அழுதார்கள் என்றுகூடச் சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்.

காரியத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அழவே இல்லை. டியூட்டிக்குப் போனார், வந்தார், போட்டதைச் சாப்பிட்டார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எங்களுக்குக் குழந்தைகள் கிடையாது. அந்த ஒற்றை பெட்ரூம் ஃப்ளாட்டில் அவருடைய மௌனத்தோடு நான் தனியாகக் குடித்தனம் நடத்தினேன். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை என்று உப்பைக் கூட்டியும் குறைத்தும் போட்டுப் பார்த்தேன். மனுஷன் வாய் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. உள்ளே அடைத்துக் கிடப்பது எங்கேயாவது தப்பான வழியில் வெளியே வரும் என்ற பயம். ஒரு தடவை அழுதுவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மழையால் வந்ததை மழையிலேயே கரைத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் மாதிரி நானே முடிவுசெய்து, சலாலாவுக்கு ரூம் போட்டேன்.

பாலைவனத்தின் நடுவே ஒரு பகல் முழுக்க ஓட்டினோம். அவர் வழியில் பேசியது இரண்டு வார்த்தை: "பெட்ரோல் போடணும்."

மறுநாள் காலையில் மலைக்காட்டுப் பாதையில் ஏறினோம். கீழே கூடாரம் போட்டு இறைச்சி சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையும் கூட்டமும் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிட்டன. மேலே ஈர மண்ணும் சாய்ந்த மரங்களும்தான். சாரல் விழுவது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் புருவத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. பாதையை அடைத்துக்கொண்டு ஓர் ஒட்டகம் நனைந்தபடி நின்றது, எங்களைப் பார்த்து நகரவும் இல்லை. ஒரு புளியமரம் இருந்தது. "பாத்தீங்களா, நம்ம புளியமரம்!" என்றேன். "ம்" என்றார். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை. ஷூ போட்டுக்கொண்டு வராமல் செருப்போடு வந்த என் புத்தியை நொந்துகொண்டு, வழுக்கி வழுக்கி அவர் பின்னால் போனேன்.

செருப்பில் அப்பியிருந்த களிமண்ணைக் குச்சியால் நெம்புவதற்குக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவர் இல்லை. மேகம் பாதைக்கே இறங்கிவிட்டது. நீட்டிய கை எனக்கே மங்கலாகத் தெரிந்தது. ஏறும் இடத்தில் ஒரு பலகை பார்த்திருந்தேன், ஓர் ஆள் விளிம்பிலிருந்து கீழே விழுவது போல் படம் போட்டது. புல் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இடம் அது. அவர் தவறி விழுந்துவிடுவார் என்று மட்டும் நான் பயப்படவில்லை. இன்னொன்றையும் நினைத்தேன். அதை எழுதக் கை கூசுகிறது.

"ஏங்க!" என்று கத்தினேன்.

"என்னம்மா?" என்று இடதுபக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் குரல் இல்லை. "ஏங்க!" என்றேன் மறுபடியும். "இதோ வந்துட்டேன்" என்று மேலேயிருந்து இன்னொரு குரல். மேகத்துக்குள்ளிருந்து மூச்சிரைக்க ஒருவர் வந்து என் முன்னால் நின்றார், மழைக்கோட்டும் தொப்பையுமாக. என் முகத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "சாரி சிஸ்டர், என் வொய்ஃப்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார். அந்த மலையில் இருந்த தமிழ்நாட்டுப் புருஷன்மார் எல்லோருக்கும் அதுதானே பெயர். என்னுடையவர் மட்டும் பதில் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். வயதானவர், மாடு மேய்க்கிறவர் போல. நம் கைலி மாதிரி ஒன்றைக் கட்டி, கையில் கோல் வைத்திருந்தார். "க்யா ஹுவா?" என்றார், என்ன ஆச்சு என்று அரைகுறை இந்தியில்.

"மேரா ஹஸ்பண்ட் மாஃபி" என்றேன்.

மாஃபி என்றால் இல்லை. இங்கே வந்த முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும் அரபி வார்த்தை. பால் மாஃபி, பார்க்கிங் மாஃபி, லீவு மாஃபி என்று நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. என் புருஷன் இல்லை என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். கிழவர் நெஞ்சில் கைவைத்துத் தலையைக் குனிந்தார், துக்கம் கேட்க வந்தவர்போல. "நோ நோ!" என்று அலறினேன். "அபீ இதர் தா! இப்போ இங்கதான் இருந்தார்!" இந்தி, தமிழ், கை ஜாடை எல்லாவற்றையும் கலந்து சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவருக்குப் புரிந்தது. "நாம் க்யா?" என்றார். பேர் என்ன.

நான் கார் ஓட்டுகிறவள், வேலைக்குப் போகிறவள், யாருக்கும் பயந்தவள் இல்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. பழக்கமில்லை, அவ்வளவுதான். அன்று கூப்பிட வாயைத் திறந்தேன். எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சத்தம் வந்தது. பேண்ட் நனைந்துவிடும் என்று அவர் என்னிடம் கொடுத்து வைத்திருந்த ஐ.டி. கார்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

கிழவர் அதைக் கண்ணருகே வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார். எங்கள் ஊர்ப் பெயர்களை அரபியில் எழுதினால் எங்களுக்கே அடையாளம் தெரியாது. என் கணவர் பெயர் நீளம், அது கிழவர் நாக்கில் நிற்கவில்லை. பின்னால் இருந்த சின்னப் பெயரைப் பிடித்துக்கொண்டார். அது இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டில் போட்ட என் மாமனாரின் பெயர். ஆபீஸில்கூட இவரை மிஸ்டர் என்று முன்னால் போட்டு அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். "அப்பா வேலை பாக்குறாரு, நான் சம்பளம் வாங்குறேன்" என்று முன்பெல்லாம் சிரிப்பார். அது இவர் பெயர் இல்லை என்று கிழவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டுவிட்டார்.

மிஸ்டர் எதுவும் இல்லை. வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல வயதான ஓர் ஆண் குரல், கடைசி எழுத்தை நீட்டி, என் மாமனாரின் பெயரை மலை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி.

மூன்றாவது தடவைக்குப் பிறகு புல் அசைந்தது. என்னிடமிருந்து பத்தடிகூட இருக்காது, அங்கிருந்துதான் அவர் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"இவ்ளோ பக்கத்துலதான் இருந்தீங்களா? நான் கத்துனது கேக்கல?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"வரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்கல்ல?" என்றார். "அப்பா என்ன பதில் சொல்றாருன்னு கேட்டுட்டு நின்னேன்."

என் கை தானாகச் சட்டையை விட்டுவிட்டது. கிழவர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இவர் தோளைத் தட்டினார். கிளம்பத் திரும்பியவரை இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னொரு தடவ கூப்பிடச் சொல்லேன்" என்றார் என்னிடம்.

அதை எந்த மொழியில் எப்படிச் சொல்வது? "ஏக் பார் அவுர்" என்றேன். கிழவர் என்னைப் பார்த்தார், எதிரே நின்ற என் கணவரைப் பார்த்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைக் குவித்து, ஒருவரும் இல்லாத பக்கமாகப் பார்த்து என் மாமனாரைக் கூப்பிட்டார்.

என் கணவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.