கொலைகாரன் ஓட மாட்டான்

என் தம்பி ஹரிபிரசாத்துக்கு முப்பத்தாறு வயது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். லீவு நாளில் காபி குடித்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கொலைகாரனாகிவிடுவான். பாழடைந்த பங்களா ஒன்றில் நாலு பேர் தப்பிக்கப் பார்ப்பார்கள். இவன் ஒருத்தன் அவர்களைப் பிடிக்க வேண்டும். அப்படி ஒரு கேம்.

"கருமம்டா! தப்பிக்கிறவனா ஆடினா கொறைஞ்சா போயிடுவே?" என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

"அக்கா, இதுல ஓடுற கொலைகாரன் முட்டாள். நாம வேகமா கிட்ட போனா அவங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கிற சத்தம் கேக்கும். மெதுவா, சுவரை ஒட்டிப் போகணும். ஓடிப் போனவனைத் துரத்தவே கூடாது. பாதில விட்ட வேலையை முடிக்க அவனே திரும்பி வருவான். காக்கா எழும்பினா அங்க ஆள் இருக்குன்னு அர்த்தம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் இருக்கிற பாரத்துக்கு நடுவில் இது ஒரு கேடா?

பாரம் என்றது அப்பாவை. சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அவர் பெயர் சாம்பசிவன், ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். அம்மா போன பிறகு மறதி நோய் வந்து, இப்போது எங்கள் முகமே அவருக்குத் தெரியாது. கேட் திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். தை மாதம் அப்படிப் போனவரைத் தெருமுனையில் பார்த்துவிட்டு, "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். யாரோ துரத்துகிறார்கள் என்று மிரண்டு அவரும் ஓடினார். மழைநீர்க் கால்வாயில் விழுந்து நெற்றியில் எட்டுத் தையல். இன்னொரு தடவை விழுந்தால் தாங்காது என்றார் டாக்டர்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். எல்லாம் மறந்த அப்பாவுக்கு மறக்காதது ஒன்றுதான், சாப்பிடும் முன் காக்காவுக்குச் சோறு வைப்பது. தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குத்தான் போனார் என்று நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் மாடியில் ஆளில்லை. கேட் திறந்து கிடந்தது. ஐயோ என்று தெருவில் இறங்கி ஓடப் போனேன். ஹரி என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"ஓடாதே. கத்தாதே. மேல பாரு."

தெருக்கோடியில் ஏரிப் பக்கம் காக்கைகள் கூட்டமாக எழும்பிச் சுற்றிக்கொண்டிருந்தன.

ஏரிக்கரையின் விளிம்பில் அப்பா நின்றார். ஒரு கை சோற்றை விசிறிக்கொண்டிருந்தார். இன்னும் ஓரடி வைத்தால் சரிவு, கீழே தண்ணீர். தட்டு பத்தடி பின்னால் சிமெண்ட் பெஞ்சில் இருந்தது. ஹரி செருப்பைக் கழற்றினான். கரையோர வீடுகளின் சுவரை ஒட்டி நடந்தான். அப்பா தலையைத் திருப்பினார். இவன் அப்படியே நின்று ஏரியை வேடிக்கை பார்த்தான். பிறகு அப்பாவிடம் போகாமல், தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். பெஞ்சுக்குப் பின்னாலிருந்த மரத்தின் மறைவில் நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்; கும்பிடாத சாமி இல்லை.

கையில் சோறு தீர்ந்தது. அப்பா தட்டைத் தேடித் திரும்பி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, ஹரியின் காதருகே குனிந்தார்.

"சத்தம் போடாதீங்க தம்பி. யாரோ என்னைத் துரத்திக்கிட்டே இருக்காங்க. அப்பா அப்பான்னு கத்துறாங்க."

ஹரி தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"இங்க வர மாட்டாங்க சார். நான் கூட இருக்கேன்."

"நிஜமாவா?"

"நிஜமா சார். வாங்க, சாப்பிடப் போலாம்."

அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஹரி அவரை சார் என்றுதான் கூப்பிடுகிறான். அப்பா மிரளுவதில்லை, கூப்பிட்டால் வருகிறார், ஒழுங்காகச் சாப்பிடுகிறார். நேற்று நானும் சார் என்று கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே, "உட்காரும்மா, நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.