மலையூர்களில் ஒரு சைக்கிள் நாள்

சுவிட்சர்லாந்தில் நகரத்து டிராமில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட முகம் பார்க்க மாட்டார். அதே ஆள் மலையில் எதிர்ப்பட்டால் ‘க்ரூட்சி’ என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். எந்த உயரத்தில் இந்த மரியாதை தொடங்குகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போன திங்கட்கிழமை நானும் என் கணவர் கதிரேசனும் வாடகை சைக்கிளில் மலையூர்களைச் சுற்றப் போனோம். ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் அவருக்குத் திங்கள்தான் ஓய்வு. ஊரில் அம்மாவுக்கு ஞாபகம் மங்க ஆரம்பித்ததிலிருந்து நான் சரியாகச் சாப்பிடுவதில்லை. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம். அது கைக்கு வரும்வரை ஊருக்குக் கிளம்ப முடியாது. “வீட்டுக்குள்ளேயே கெடந்தா என்னத்துக்கு ஆகும்? வா, மெதுவா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்” என்று கூட்டி வந்தார்.

அவசரமே இல்லாத பயணம். பேட்டரி வைத்த சைக்கிள். ஏற்றம் வந்தாலும் மூச்சு வாங்காது. ஓர் ஊரில் காப்பி, அடுத்த ஊரில் ரொட்டியும் சீஸும். ஜன்னல்தோறும் சிவப்புப் பூக்கள். நான் அனுப்பும் இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் ஊரில் உள்ளவர்கள் என்னைக் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை.

எம்.ரெட்டியபட்டியைத் தாண்டியிருக்கும் எங்கள் ஊரில் மேடு என்றால் கண்மாய்க் கரை மட்டும்தான். பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளை அந்தக் கரையில்தான் பழகினேன். பருத்தி எடுத்துவிட்டு வந்த அம்மா, சேலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடி வருவாள். “கீழ பாக்காதடி, முன்னால பாரு.” ஒருநாள் சத்தத்தையே காணோமே என்று திரும்பினால், வெகுதூரத்தில் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு திருச்சுழிப் பள்ளிக்கு அதில்தான் போய் வந்தேன். நான் திரும்பும் நேரத்துக்கு வாசலில் நிற்பாள். கொஞ்சம் பிந்தினாலும் ஏச்சுதான்.

மதியத்துக்கு மேல், ஒரு சின்ன மலையூரின் தேவாலயத்தை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தம்பி பாண்டி வீடியோவில் அழைத்தான். அங்கே பொழுது சாயும் நேரம்.

“அம்மா, அக்கா பேசுது பாரு.”

அம்மா போனை முகத்தருகே கொண்டுபோனாள். “யாருப்பா இவுக?”

“ஒம் மக சாந்திம்மா.”

“சாந்தி இன்னும் பள்ளியொடம் விட்டு வரலையே” என்றவள், விருந்தாளியிடம் பேசும் குரலில் என்னைக் கேட்டாள். “நீங்க எந்த ஊரு தாயி? சாப்பிட்டீகளா?”

‘போடி’, ‘வாடி’ தவிர வேறு மரியாதை எனக்குத் தந்தறியாதவள். நான்தாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் இருந்த கூச்சத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

“திருச்சுழிப் பக்கம்” என்றேன்.

“அப்ப நம்ம பக்கந்தான். போற வழியில எம் மக சைக்கிள்ல வந்தா வெரசா வரச் சொல்லுங்க. இருட்டப் போகுது.”

“சொல்றேன்.”

போனை வைத்த பிறகு நான் அழுவதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தி தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். ஏறிவந்த களைப்பு என்று நினைத்தாள் போல. இனி இறக்கம்தான் என்று கையைச் சரித்துக் காட்டினாள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ‘முட்டர்’, அம்மா, என்றேன். அவள் முகம் மாறியது. “டோட்?” என்றாள். இறந்துவிட்டாளா என்று கேட்கிறாள். “நைன்”, இல்லை, என்று தலையாட்டினேன். “குட், குட்” என்று தோளைத் தட்டி, நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள். தமிழிலேயே கேட்டிருந்தாலும் அவளுக்கு நான் வேறென்ன சொல்லியிருப்பேன்?

இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்தபடி வந்தேன். கதிரேசன் கொஞ்ச தூரம் போவதும் நின்று திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார். ஏரிக்கரையில் நிறுத்தியபோது பாண்டி குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான்.

“அக்கா, இருட்டுன பெறகும் அம்மா வாசல விட்டு வர மாட்டேன்னுருச்சு. நீ வந்துட்டேன்னு பொய் சொல்லித்தான் உள்ள கூட்டியாந்தேன். இப்ப அடுப்படிக்கும் உள்ரூமுக்குமாப் போயி ஒன்னையத் தேடுது.”

ஏரியில் இன்னும் வெயில் இருந்தது. பதிவில், பாண்டியின் குரலுக்குப் பின்னால், அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. “வாரேம்மா” என்று போனைப் பார்த்துச் சொன்னேன்.