வெள்ளிக்கிழமைக் குளிர்

வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு வாசலில் கார் உறுமினால்தான் எனக்கு விடியும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அது உறுமவில்லை. காபியைக் கையில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் காத்திருந்தேன். பால் வண்டி போனதைக்கூட அந்தச் சத்தம் என்றே நினைத்தேன். அப்புறம் மரகதம் வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, அவரு எழுந்துக்கவே மாட்டேங்கிறாரு" என்றாள். அவள் புருஷன் ஏகாம்பரம் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் கோபமும் தெரியும். நெசவாளர்களுக்குப் பட்டுப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, கொடுத்துப் புடவையாக வாங்குகிற குடும்பம். காற்று பட்டுக் காய்ந்தால் இழை அறும் என்று தறி இருக்கும் அறையில் விசிறியே போடமாட்டார்கள். மற்றவர்களுக்கு அது அறையோடு சரி. இவருக்குப் பட்டு எங்கே இருந்தாலும் அதே சட்டம்தான். என் மகள் கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில், மணமேடை விசிறியைப் போய் அணைத்துவிட்டார். "எவன்பா ஃபேனைப் போட்டது? பட்டு இருக்குதுன்னு தெரியல?" என்று அதட்டல் வேறு. மணப்பெண்ணுக்கு வியர்வை கொட்டுகிறது. மரகதம் கீழே இருந்து கத்தினாள்: "ஏங்க, அது நெய்ஞ்சு முடிச்ச புடவைங்க! இன்னுமா தறியில கீது?" மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே விசிறியைப் போட்டார். ஆனால் சாப்பிடப் போகும்வரை அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கியதும் மரகதத்துக்காகத்தான். ஏசி இருக்க வேண்டும், சில்லென்று முகத்தில் அடிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். வண்டி வந்தது, பின் சீட்டில் பாவு ஏறியது, நெசவாளர்கள் இருக்கும் ஐயம்பேட்டைக்குப் போனது. ஏசி போடக்கூடாது. மரகதம் ஏறுகிற நாளோ கோயிலாக இருக்கும், கல்யாணமாக இருக்கும். உடம்பில் பட்டுப்புடவை இருக்கும். அன்றைக்கும் கூடாது. "பட்டு இல்லாத ஒரு நாளு போட்டுக்கலாம் மரகதம்" என்பார். காஞ்சிபுரத்தில் ஒரு பெண் காரில் ஏறி வெளியே போகிற நாளில் பட்டு இல்லாமல் இருக்குமா? நல்ல மனுஷன்!

ஒரு நாள் இன்ஜின் பக்கம் ஏதோ முனகியது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "நீங்க ஏசியே போடறதில்ல சார். கழட்டி வுட்டுடுங்க, வண்டி லேசா ஓடும்" என்றார். நானும் ஒத்து ஊதினேன்: "ஆமாம்பா, எதுக்குச் சும்மா சுமந்துகினு?" ஏகாம்பரம் பானெட் மேல் கையை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கழட்டிட்டா, அவகிட்ட சொன்னது பொய்யாப் பூடும்பா."

"அப்ப வாரத்துக்கு ஒரு தபா பத்து நிமிஷமாவது ஓட்டுங்க. சும்மாவே கெடந்தா உள்ள சீல் காஞ்சி கேஸெல்லாம் பூடும்" என்றார் மெக்கானிக். "காஞ்சி பூடும்னா எனக்குப் புரியும்" என்றார் இவர்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகள். வாசலில் நிற்கிற வண்டி, ஏற்றிய கண்ணாடி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே தனியாக அவர். ஒரு முறை என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கதவைச் சாத்தியதும் தெரு ஊமையாகிவிட்டது. எதிரே தெரு நீளத்துக்கு ஒரு சிவப்புப் பாவைக் கட்டி, கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பனி படிந்த கண்ணாடிக்கு அப்பால் அந்தச் சிவப்பு மட்டும் ஓடாத ஆறு மாதிரி மினுங்கியது. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோனது. அப்படி எத்தனை நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. திடீரென்று எனக்குக் கோபம் வந்தது. "யோவ், தங்கச்சியக் கூப்ட்டு உக்கார வையேன்யா! இப்ப இன்னா பட்டா கட்டிகினு இருக்குது?"

"நிக்கிற வண்டியிலயா? ஊரத் தாண்டி ஓடணும்பா. அப்பதான் அவ கேட்ட மாதிரி" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, ஏகாம்பரம்.

கருமாதி முடிந்து, மாகறலில் இருக்கும் அவள் மகள் வீட்டுக்கு மரகதத்தை நான்தான் அந்தக் காரில் அழைத்துப்போனேன். ஏறுவதற்கு முன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணா, இன்னிக்கு நூல் புடவைதான்" என்றாள். ஸ்விட்சைப் போட்டேன். நேற்று வாங்கிய வண்டி போலக் குளிர் வந்தது. ஊரைத் தாண்டியதும் அந்தக் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கண்ணாடிக்கு வெளியே வயல்கள் சத்தமில்லாமல் நகர்ந்தன. "நல்லாத்தான் வெச்சிருந்தாரு" என்றாள்.

மறுநாள் காலை திரும்பினோம். எங்கள் தெருமுனையில் பாவு கட்டியிருந்தார்கள். வண்டியை நிறுத்தினேன். மரகதத்தின் கை தானாக நீண்டு ஏசியை அணைத்தது.

"பாவு காஞ்சிடும்ணா."

கண்ணாடி நான்கும் மூடியிருந்தன. பாவு வெளியே வெயிலில் கிடந்தது. ஒரு நொடி கழித்து அவளுக்கே உறைத்தது. கல்யாண மண்டபத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த ஒரு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

வண்டி அவள் வாசலில்தான் நிற்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது. இனி ஏசியைக் கழற்றிவிடலாமா என்று மெக்கானிக் கேட்டார். "வேணாம்பா, தங்கச்சி இன்னும் ஊரத் தாண்டிப் போவணும்" என்றேன். ஏகாம்பரத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பத்து நிமிடம்தான். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. கண்ணாடியை ஏற்றி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உட்கார்ந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.