கல்முனைக்கு வராத கோச்சி

மட்டக்களப்பு நிலையத்தில் கோச்சி ஊதியது. ரயிலுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று போனில் தேடிய மகள், "உம்மா, ஹங்கேரியில ஒரு ஊர்ர பேராம். அங்க செஞ்ச குதிரை வண்டிக்கும் அதே பேராம். அதுதான் இங்கிலீசுக்குப் போய் இஞ்ச வந்திருக்கு" என்றாள்.

எனக்குக் குழம்பிவிட்டது. ஹங்கேரி எங்கே, தண்டவாளமே இல்லாத எங்கள் கல்முனை எங்கே?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, முகம் நினைவில் இல்லாத வாப்பா கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. "கோச்சியில வாற ஆள்தான் உன்ட வாப்பா" என்று என் உம்மா சொல்லியிருந்தார். கோச்சியை உம்மாவும் கண்டதில்லை. கருவாட்டு வாடையும் டீசல் புகையும் கலந்த பஸ் நிலையத்தில், பஸ்ஸால் இறங்கிய ஒருவர் என்னைத் தூக்க வந்தார். நான் உம்மாவின் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்தேன்.

"இவர் பஸ்ஸில வந்த ஆள். வாப்பா இல்ல."

"தண்டவாளம் மட்டக்களப்போட முடியிது மகள்" என்றார் அவர்.

"பொய்."

உம்மா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு, குந்தியிருந்து முதுகைக் காட்டினார்.

"சரி, மிச்சத் தூரத்துக்கு இதுதான் கோச்சி. ஏறுங்க."

ஏறினேன். கடைத்தெரு நெடுகக் கூவென்று ஊதிக்கொண்டே நடந்தார். சட்டையில் இரும்பு வாசம்.

"அப்ப கோச்சி எண்டா ஊரா, குதிரை வண்டியா, ரயிலா?" என்றாள் என் மகள்.

நான் முதன்முதலில் ஏறிய கோச்சிக்குக் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.