தவத்துக்கு நான் சுவிஸ் காட்டிய நாள்

இன்று காலை மூத்த மகள் ஒரு பணிஸ் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். வெண்ணெய் சேர்த்துச் சுட்ட சின்ன வட்டப் பாண், மேற்பக்கம் நாலாய்க் கீறியது. உச்சியில் பல்லுக் குத்துகிற குச்சியில் ஒட்டிய கடதாசிக் கொடி, சிவப்பில் வெள்ளைச் சிலுவை. சுவிஸின் தேசிய தினமான ஓகஸ்ட் முதலாம் திகதி வந்தால் இந்த நாட்டில் பாணுக்கும் தேசப்பற்று வந்துவிடும். "அப்பா, கொடியைக் கழட்டிப்போட்டுச் சாப்பிடுங்கோ" என்றாள். கண்ணாடி போடாமல் சாப்பிட உட்காருகிறவனுக்கு அந்தப் புத்திமதி தேவைதான்.

பணிஸைப் பிய்த்தேன். வெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. அதோடு என் காலைச் சாப்பாடு கெட்டது. ஏனென்றால் அந்த வாசத்துக்கு என்னிடம் வேறொரு வீடு இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் லுட்சேர்னுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயில் ஒரு பேக்கரிக்கு மேல் தட்டில் இருந்தோம். விடியமுன் கீழே அடுப்பு மூட்டுவார்கள். பலகைத் தரையின் இடுக்குகளால் வெண்ணெய் வாசம் எழும்பி எங்கள் மெத்தைக்குள் வரும். அந்த வாசத்தில் கண் முழித்து, எழும்பிப் போய் முதல் நாள் பருப்பைச் சூடாக்கித் தின்போம். கீழே போய் ஒரு பணிஸ் வாங்கலாம் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. கடைக்குள் போனால் கடைக்கார அம்மாவோடு கதைக்க வேண்டும். கதைக்கிற பயம் பசியை விடப் பெரிது.

அறையில் நாலு கட்டில். குணம் அண்ணை முதலில் போனார், டீட்டிகோனில் இருந்த தம்பியிடம். பிறகு ஒருவன் பிரெஞ்சு பேசுகிற லோசானுக்குப் போனான். பிரெஞ்சு படித்தால் பிரெஞ்சுக்காரி கிடைப்பாள் என்று அவனுக்கு ஏற்றிவிட்டது நான்தான். பிரெஞ்சும் வரவில்லை, அவளும் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மிஞ்சியது நானும் தவமும். வெறும் மெத்தைகள் இரண்டும் எங்களைப் பார்த்தபடி கிடந்தன. ஆள் இல்லாத கட்டிலுக்கு ஒரு முகம் இருக்கிறது, தெரியுமோ. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேன்.

தவம் யாழ்ப்பாணத்தில் நெல்லியடிப் பக்கத்துப் பொடியன். பன்னிரண்டாம் வகுப்பு, ஏ.எல். வரை படித்தவன். நானோ ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். இருவருக்கும் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. அவன் உருளைக்கிழங்கு உரிப்பான், நான் சட்டி பானை கழுவுவேன். படித்தவன் பிழை வந்துவிடும் என்ற பயத்தில் ஜெர்மன் கதைக்க மாட்டான். எனக்குப் பிழை எது, சரி எது என்று தெரியாததால் தாராளமாகக் கதைப்பேன். ஆனால் என் ஜெர்மன் முழுக்கக் குசினி ஜெர்மன். சட்டி, மூடி, கெதியாக, சூடு, முடிந்தது. இந்த ஐந்தையும் வைத்து ஒரு மனிதனோடு எவ்வளவு நேரம் சிநேகிதமாக இருக்கலாம்?

என் பகிடிகளுக்குச் சிரிக்க அந்த ஊரில் ஒரே ஒரு ஆள், தவம். அவனுக்குத்தான் கனடாவில் அக்கா இருந்தாள். ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து எல்லாம் ஒழுங்கு பண்ணிவிட்டாள். வருகிற ஞாயிறு ரெலிபோன் எடுப்பாள், இவன் ஓமோ இல்லையோ சொல்ல வேண்டும். ஓம் என்றால் அறையில் நாலு கட்டிலும் நானும்.

"ஏன்ரா போகப்போறாய்? இஞ்ச என்ன குறை?" என்று கேட்டேன்.

"பஸ்ஸில எனக்குப் பக்கத்தில ஆராவது இருந்து பாத்திருக்கிறியோ?"

அது உண்மை. பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்துச் சீற் எப்போதும் காலியாகத்தான் வரும். சனம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், எங்களுக்கருகில் இருக்காது. நான் அந்தச் சீற்றில் கையை நீட்டி வைத்துக்கொண்டு, "ராசாவுக்கு ரெண்டு சீற்" என்று சொல்லிச் சிரிப்பேன். தவமும் முதல் சில மாதம் சிரித்தான்.

அப்படி இருக்கும்போதுதான் ஓகஸ்ட் முதலாம் திகதி வந்தது. வெள்ளிக்கிழமை. அந்தக் காலத்தில் அது முழு விடுமுறை இல்லை. எங்கள் தொழிற்சாலை மத்தியானத்தோடு பூட்டியது. ஊருக்கு வெளியே புல்வெளியில் பின்னேரம் நெருப்பு மூட்டுவார்கள், பேச்சு இருக்கும், ஆரும் வரலாம் என்று குசினியில் இருந்த இத்தாலிக்காரச் சமையல்காரர் கை காலால் விளக்கினார். எனக்குள் ஒரு யோசனை ஓடியது. தவத்தைக் கூட்டிக்கொண்டு போய் இந்த நாட்டை நல்லதாகக் காட்டுவது. எனக்கே பிடிக்காத பெண்ணைச் சிநேகிதனுக்குப் பேசி முடிக்கப் போகிற தரகர் மாதிரி வெளிக்கிட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். அவனுடைய சப்பாத்தையும் நானே துடைத்துவிட்டேன்.

"என்னடா இண்டைக்கு இவ்வளவு பக்தி?"

"நாட்டுக்குப் பிறந்தநாள்" என்றேன். "மூண்டு பேர் ஒரு புல்வெளியில நிண்டு கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினவையாம். அதிலயிருந்து வந்ததாம் இந்த நாடு."

தவம் கொஞ்சம் யோசித்தான். "எங்கட ஊரில மூண்டு பேர் சேர்ந்தால் மூண்டு இயக்கம்" என்றான்.

புல்வெளியில் நீட்டு மேசைகளும் வாங்குகளும் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கையில் கடதாசி லாம்பு. தூரத்தில் பிலாத்துஸ் மலை தலையில் முகிலைக் கட்டிக்கொண்டு நின்றது. சனம் தடியில் சொசேஜைக் குத்தித் தணலில் வாட்டியது. தவம் வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் தொட மாட்டான், அதுவும் ஆடி வெள்ளி. அவன் பாணும் கடுகுக் கூழும் தின்றான். அவன் பங்குச் சொசேஜையும் தின்கிற பொறுப்பை நாட்டின் நன்மை கருதி நான் ஏற்றுக்கொண்டேன்.

நாங்கள் இருந்த வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் நிறைய இடம். வழக்கம்போல ஒருவரும் வரவில்லை. தவம் அந்த இடத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

ஊர்த் தலைவர் ஏறிப் பேசத் தொடங்கினார். மழைக்காலத்துத் தவளை போலக் கடகடவென்ற சுவிஸ் ஜெர்மன். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. சட்டியும் வரவில்லை, மூடியும் வரவில்லை.

"என்ன சொல்லுறார்?" என்று தவம் என் காதுக்குள் கேட்டான்.

"எங்களைப் பற்றித்தான். தமிழ்ப் பொடியள் வந்தாப்பிறகு உருளைக்கிழங்கு தோல் மெல்லிசா உரிபடுதாம்."

"என்ர பேரும் சொன்னவரோ?"

"சொன்னவர். நீ அப்பத்தான் தும்மினனி."

"அப்ப ஏன் ஒருத்தரும் கை தட்டேல்லை?"

"இஞ்ச சந்தோசம் கூடினால் பேசாமல் இருப்பினம். அதுதான் வழக்கம்."

சிரித்தான். பல மாதத்துக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது: இன்னும் இரண்டு பகிடி, ஒரு நல்ல நெருப்பு, பொடியன் நின்றுவிடுவான்.

பொழுது கருகி வரும்போது நெருப்பை மூட்டினார்கள். வீடு உயரத்துக்கு அடுக்கிய விறகு. அடியில் பற்றி, நெளிந்து ஏறி, உச்சிக்குப் போனதும் சுவாலை ஒருதரம் மூச்சு விட்டது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது நடந்தது. நானும் அவனும் குனிந்து சப்பாத்தைக் கழற்றினோம்.

ஏன் என்று எங்களைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கார்த்திகை விளக்கீட்டன்று கோயில் வாசலில் சொக்கப்பானை எரியும்போது சப்பாத்தோடு ஆர் நிற்பான்? பெரிய நெருப்பு, சுற்றிச் சனம், பிள்ளைகள் கையில் விளக்கு. கால் தானாகவே முடிவெடுத்துவிட்டது. சப்பாத்துகளைத் தள்ளி அடுக்கியிருந்த மிச்ச விறகின் பின்னால் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஈரப் புல்லில் நின்றோம். தவத்தின் கை நெஞ்சுக்கு நேரே குவிந்தது. "முருகா" என்று அவன் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

எங்களைக் கவனித்த ஒரே ஆள் ஒரு பண்ணைக்கார அம்மா. அறுபது வயது இருக்கும், பக்கத்தில்தான் வீடு. கிட்ட வந்தா. எங்கள் கால்களைப் பார்த்தா. ஏதோ கேட்டா, அதில் பஸ்ஸில் கேட்டுக் கேட்டுப் பழகிய 'குளிர்' மட்டும் எனக்கு விளங்கியது. இல்லை என்று தலையாட்டினேன்.

"என்னடா சொல்லுறா?"

"கால் வடிவா இருக்காம்."

அவ போய்விட்டா. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தா, கையில் இரண்டு சோடி மலையேறுகிற சப்பாத்து. பழசு, ஆனால் கொழுப்புப் பூசிப் பளபளவென்று துடைத்தவை. மகன்மாருடையவையாக இருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பொடியன்களுக்குச் சப்பாத்து இல்லை என்று அந்த மனுசி நினைத்துவிட்டா.

எங்களுக்குச் சப்பாத்து இருக்கிறது, இது எங்கள் கோயில் பழக்கம் என்று சொல்ல வேண்டும். சட்டி, மூடி, கெதியாக, சூடு, முடிந்தது. எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் அந்த அம்மா தவத்தின் முன்னால் முழந்தாளிட்டு, தன் ஏப்ரனால் அவன் பாதத்தின் ஈரத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டா.

தவம் தடி போல விறைத்துப்போனான். தாயின் வயதுக்காரி காலைத் தொடுகிறா. "ஐயோ அம்மா, காலைத் தொடாதேங்கோ. பாவம் அம்மா. எழும்புங்கோ" என்று தமிழில் கெஞ்சினான். அவ நிமிர்ந்து பார்த்து, "யோ, யோ" என்று மாட்டுக் கன்றைத் தேற்றுகிற குரலில் ஏதோ சொன்னா. அவன் திரும்பவும் தமிழில் ஏதோ சொன்னான். அவ திரும்பவும் தன் பாஷையில் பதில் சொன்னா. நான் மொழிபெயர்க்கவில்லை. அவ சப்பாத்தை மாட்டி, நாடாவை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டு, சப்பாத்தின் நுனியை அமத்திப் பெருவிரல் எங்கே நிற்கிறது என்று பார்த்தா. என் காலுக்கும் அப்படியே. பிறகு எங்கள் இருவரின் தோளிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் சனத்தோடு போய்ச் சேர்ந்தா.

அதற்குப் பிறகு எங்கள் பாடு பெரும்பாடு. அந்த அம்மாவின் கண்ணில் படாமல் எங்கள் சொந்தச் சப்பாத்துகளைத் தூக்க வேண்டும். பிடிபட்டால் அவவுக்குத்தான் வெட்கம். சேட்டுக்குள் ஆளுக்கொரு சோடியை ஒளித்துக்கொண்டு, கர்ப்பிணிகள் மாதிரி வயிற்றைப் பிடித்தபடி பாதைக்கு ஏறினோம். களவெடுத்தவன்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான், நாங்கள் ஒளித்தது எங்கள் சொந்தப் பொருள். தவம் சிரித்துச் சிரித்துப் பாதையோரத்தில் குந்திவிட்டான். சுற்றியிருந்த மலைகளிலெல்லாம் சின்னச் சின்ன நெருப்பு எரிந்தது.

"நல்ல சனம் மச்சான். பொய் சொல்லக்கூடாது" என்றான்.

"அப்ப நில்லு."

"சப்பாத்துத் தருவினம். பக்கத்தில இருக்க மாட்டினம்."

"நான் இருக்கிறன்தானே."

அவன் எழும்பிக் காற்சட்டையைத் தட்டினான். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "பகிடியை விட்டுப்போட்டு உண்மையைச் சொல்லு. உனக்கு இந்த நாடு பிடிச்சிருக்கோ?" என்று கேட்டான்.

மத்தியானம் முதல் நான் அவனுக்கு விற்றுக்கொண்டிருந்த சாமான் அது. இந்த இடத்தில் இல்லை என்றால் வியாபாரம் படுத்துவிடும். "ஓம்" என்றேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னேன்.

"உண்மையாவோ?"

"உண்மையா மச்சான். நான் இஞ்சதான் இருப்பன்."

அவன் நீண்ட மூச்சொன்று விட்டான். "அப்ப சரி. உன்னைத் தனிய விட்டுட்டு எப்பிடிப் போறதெண்டுதான் இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டிருந்தனான். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஓம் சொல்லப்போறன்."

 இருட்டில் அவன் என் முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

அந்த மாதம் முடியுமுன் போய்விட்டான். லுட்சேர்ன் ஸ்ரேசனில் அந்த மலைச் சப்பாத்தோடுதான் ரயில் ஏறினான். "கனடாவில பனி கூடவாம்" என்று காலைத் தூக்கிக் காட்டினான். நான் திரும்பி பஸ்ஸில் வந்தேன். பக்கத்துச் சீற் காலியாக இருந்தது. கையை நீட்டி வைக்க மனம் வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு என்ன, இருந்துவிட்டேன். ஆற்றோரம் தனியாக நடந்தேன், பாஷை படித்தேன், கல்யாணம் கட்டினேன். பிள்ளைகள் இந்த ஊர்த் தவளைப் பாஷையில் சண்டை பிடித்து வளர்ந்தார்கள். நடுவில் எங்கேயோ ஒரு நாள், ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது, விமானம் தாழ்ந்து பச்சை வயலும் ஏரியும் தெரிந்தன. 'அப்பாடா, வீட்டுக்கு வந்திட்டன்' என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. நான் திடுக்கிட்டுப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தேன். ஆனால் சொன்னது நான்தான்.

அந்தப் பேக்கரி இப்போது இல்லை. சாப்பாட்டுக் கூடத்தை இடித்துவிட்டார்கள். நெருப்பு எரிந்த புல்வெளியில் பல்கனி வைத்த வீடுகள். அந்த அம்மாவின் பண்ணை எது என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், காதில் எதையோ செருகிக்கொண்டு. தவம் போன மாரியில் ரொறன்ரோவில் காலமானான். மகன்தான் போன் எடுத்துச் சொன்னான், ஆங்கிலத்தில்.

இத்தனை வருசம் போனில் கதைத்திருக்கிறோம். விலைவாசி, பிள்ளைகள், முழங்கால் நோ எல்லாம் கதைத்தோம். அன்றைக்கு வாய்க்கு வந்த அந்த ஓம் எப்போதோ உண்மையாகிப்போனதை மட்டும் நான் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அப்ப தனிமை போயிட்டுதோ?" என்று கேட்டிருப்பான். அதற்கும் ஓம் என்று ஒரு பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும்.