தறி நிற்கும் நேரம்

மங்கலத்தை விட்டுத் திருப்பூர் சாலையில் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பேன், முதுகுக்குப் பின்னால் தறிச் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது. ஊர் முழுக்க ஓடும் விசைத்தறிகள் அப்படித்தான், ஒரே மூச்சில் நிற்கும். அதன் பிறகுதான் அந்த ஊரில் காக்காய் இருப்பதும் குழந்தைகள் அழுவதும் காதில் விழும். என் கால்கள் தானாகத் திரும்பின. பல மாதங்களாக அந்த நேரத்தில் நான் ஒரு கதவுக்கு முன்னால் நிற்க வேண்டியவன். இனி அங்கே நிற்க ஆள் தேவையில்லை என்பது நினைவு வந்ததும் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனராக இருந்தேன், பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன், சாயப்பட்டறையில் கை வெந்தது. 2008 வாக்கில் மங்கலத்தில் பாவு, அதாவது தறிக்குப் போகும் நூல் உருளை, இறக்கும் வேலைக்கு வந்தபோது தோள் பிசகியது. ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வலி போகவில்லை. உடம்புக்கு மேலே கையைப் பிடித்தே நோவைக் குறைக்கிற ஒரு பெண் இருப்பதாக யாரோ சொல்லி, தறிக்கூடம் ஒன்றின் பின்னால் இருந்த அவர் அறைக்குப் போனேன்.

என்னைவிட நாலைந்து வயது இளையவர். உள்ளூர்க்காரர். யாராக இருந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "டாக்டர்கிட்டப் போனீங்களா?" போகாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். போனவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, உடம்பைத் தொடாமல், ஒரு சாண் தள்ளிக் கைகளை மெதுவாக இறக்குவார். துணியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுவது போல இருக்கும். பிறகு பக்கத்தில் இருக்கும் உப்புத்தண்ணீர் பேசினில் கையை உதறுவார். "இந்த ஊரு போர்த் தண்ணிக்கு உப்பு வேற போடோணுமாங்க?" என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். என் தோள் அன்றே சரியாகவில்லை. ஆனால் மாதக்கணக்கில் வராத தூக்கம் அன்றைக்கு வந்தது. போகாமல் அங்கேயே தங்கிவிட்டேன். முன்பக்கத் தகரக் கொட்டகையில் படுக்கை, அவர் வீட்டில் சாப்பாடு. கதவைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்தக் கதவில்தான் சங்கடமே இருந்தது.

தினமும் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காராமல் அவர் யார் மேலும் கை நீட்ட மாட்டார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "ராத்திரி ஊட்டுல போட்ட சண்டை, மாமியா சொன்ன சொல்லு, எல்லாம் கையிலயே இருக்குமுங்கண்ணா. அத எறக்கி வெச்சுப்போட்டுத்தான் இன்னொருத்தருகிட்டப் போகோணும். இல்லீன்னா நோவு வாங்கறதுக்குப் பதிலா குடுத்துட்டு வந்துருவேன்" என்றார். இரவும் பகலும் தறி ஓடுகிற ஊர். சுவர் அதிரும், அலமாரியில் கண்ணாடிப் புட்டி கிணுகிணுக்கும். அந்த ஊரில் அமைதி என்பது மின்வெட்டு மட்டும்தான். அவர் உட்காருவதும் அப்போதுதான். தறி ஓட்டுகிறவர்களுக்கு ஓய்வு கிடைப்பதும் அப்போதுதான். கரண்ட் போனதும் உள்ளே அவர் கண்ணை மூடுவார், வெளியே பத்துப் பேர் கூடுவார்கள். பாதி நேரம் கதவு திறக்காது. மீதி நேரத்தில் பாதிப் பேரைத்தான் பார்க்க முடியும். பிறகு கரண்ட் வந்துவிடும், எல்லோரும் தறிக்கு ஓடுவார்கள்.

"ஏனுங்க, உள்ள சாமி கும்படறாங்களா, தூங்கறாங்களா?"

"எந்திரிச்சா சொல்லி உடுங்க, நாங்க ஊட்டுக்குப் போய்ச் சோறாச்சும் உங்கறோம்."

இதையெல்லாம் வாங்கிக்கொண்டு நிற்பேன். எனக்கு அது பெரிதில்லை. என்னைச் சங்கடப்படுத்தியவர் ஒரே ஒரு பெண். என்னைப் போலத் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர். தறிக்கு ஊடு நூலைச் சுற்றிக் கொடுக்கும் வேலை, தார் சுற்றுவது என்பார்கள். நாள் முழுக்க ஒரே பக்கம் பார்த்து நின்று கழுத்து அந்தப் பக்கமாகவே சாய்ந்துவிட்டது. அவர் வேலை செய்த கூடம் தெருவின் கடைசியில் இருந்ததால் எப்போதும் கடைசி ஆளாக வருவார். முறை வருவதற்குள் கரண்ட் வந்துவிடும்.

"ஏண்ணே, நம்ம ஊரு ஆளுன்னுதான் பேரு. உள்ள போயி ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றார் ஒரு நாள்.

அடுத்த நாள் கரண்ட் போனதும், உட்காரப் போனவரைத் தடுத்து நான் சொல்லிவிட்டேன். "தங்கச்சி, இன்னைக்கு ஒரு நாள் உட்காராமப் பாருங்களேன். பாவம், எல்லாரும் ஓடி வாராங்க." அவர் பாயைச் சுருட்டி வைத்தார்.

அன்று எல்லோரையும் பார்க்க முடிந்தது. தார் சுற்றும் பெண்ணின் முறையும் வந்தது. மறுநாளும் அப்படியே. கேலி நின்றது. கூட்டம் கூடியது. உட்காராததால் எந்த வித்தியாசமும் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். வந்தவர்களும் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார்கள். அவர் கை மட்டும் வேகமாகிக்கொண்டே வந்தது. பேசினால் சட்டென்று பதில் வந்தது.

ஒரு நாள் தார் சுற்றும் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்து வலியில் ஆரம்பித்து, புருஷன் குடிப்பது, பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். இவர் கையை இறக்கியபடி, "உங்களுக்குக் கழுத்துல நோவில்லீங்க, வாயிலதான்" என்றார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு இவர் பேசினுக்குள் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

"நானும் சிரிச்சனுங்க, பாத்தீங்களா? எங்கையி அவங்க கழுத்துக்கு மேல இருந்துது. எம்மனசு வாசல்ல இன்னும் எத்தன பேருன்னு பாத்துட்டு இருந்துது."

மறுநாள் கரண்ட் போனதும் கதவைச் சாத்திக்கொண்டார். கூட்டம் கொதித்தது. இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். தார் சுற்றும் பெண் வரவேயில்லை. கரண்ட் வந்து எல்லோரும் திட்டிக்கொண்டே கலைந்த பிறகு அவர் வெளியே வந்தார். "இப்படியே போனா யாரும் வர மாட்டாங்க தங்கச்சி" என்றேன்.

"வருவாங்க, வராமப் போவாங்க. ஆனா அவங்களுக்கு இருக்கறதே இந்த நேரந்தானுங்க. அதுல பாதிய நான் எடுத்துட்டு இருந்தா எப்புடி? தறி ஓடறப்ப உக்கார முடியாதுன்னு யாரு சொன்னாங்க? நானேதான் சொல்லிட்டு இருந்தேன்."

அதிலிருந்து விடியற்காலையில், தறி முழுச் சத்தத்தில் ஓடும்போது உட்கார ஆரம்பித்தார். முதலில் தலைவலியோடுதான் எழுந்து வருவார். "இன்னிக்கு நா உக்காருலீங்க, தறிதான் உக்காந்துது" என்பார். கண்ணாடிப் புட்டியை எடுத்து வேறு அறையில் வைத்தார். மறுநாளே திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார். அது கிணுகிணுக்கட்டும் என்றார். இது எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. நான் நம்பிக்கையில்லாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை வெளியே வந்து, "நடுவுல ஒரு தறி நின்னுதுங்களே, கேட்டீங்களா? நூல் அந்துருக்கும்" என்றார். எனக்கு இரைச்சலைத் தவிர எதுவும் கேட்டிருக்கவில்லை. அவர் முகத்தில் தலைவலி இல்லை. பேசினை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

தெருவின் கடைசிக் கூடத்துக்குப் போனோம். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. தார் சுற்றும் பெண் எங்களைப் பார்த்தார், வேலையை நிறுத்தவில்லை. இவர் அவருக்குப் பின்னால் போய் நின்று, கழுத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கைகளை வைத்தார். மன்னிப்புக் கேட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. பஞ்சு பறந்து இருவர் தலையிலும் படிந்தது. நான் தண்ணீர் சிந்தாமல் வாசலில் நின்றேன். அந்தப் பெண்ணின் தோள்கள் மெல்லத் தளர்ந்து இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது. கழுத்து நேராகிவிடவில்லை. ஆனால் மறுநாள் கரண்ட் போனதும் அவர் வந்தார். அன்று கதவு திறந்தே இருந்தது.

அதற்குப் பிறகு அது மூடவேயில்லை. யாரையும் நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்றால் நான் எதற்கு? "இருங்கண்ணா, உங்கள ஆரு போகச் சொன்னாங்க" என்றார். அப்படியானால் கைவேலையைக் கற்றுக்கொடுங்கள் என்றேன். "காலைல உக்காருங்க. அது வந்தாப் பேசலாம்" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடினால் கால் எழுந்துவிடும். என் வாழ்க்கை முழுக்க அப்படித்தான். ஒரு வாரம் போராடிவிட்டுக் கிளம்புகிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை. சோறு கட்டிக்கொடுத்தார்.

"எங்க போனாலும் உக்காந்து பாருங்க. சத்தமில்லாத எடமாத் தேடிட்டு மட்டும் இருக்காதீங்க, அது ஆம்புடாது."

இருட்டுவதற்குள் திருப்பூர் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் டீக்கடையில் ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். லாரியில் இருந்தவன் என்றதும் ஜெனரேட்டர் அறைக்குக் கூட்டிப்போனார்.

"கரண்ட் போனா உடனே இது ஓடோணும். ஷிப்மெண்ட் இருக்குது, லைன் நிக்கக் கூடாது. மீட்டர் முள்ளப் பாத்துட்டே இருங்க. கண்ண மட்டும் மூடிராதீங்க."

சரி என்றேன். பதினோரு மணி வாக்கில் கரண்ட் போனது. தையல் மிஷின்கள் எல்லாம் ஓய்ந்து, கொஞ்ச நேரம் அந்தக் கட்டடமே மூச்சு விடாமல் இருந்தது. சாவியைத் திருப்பினேன். தகரச் சுவர் அதிர ஆரம்பித்தது. டீசல் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, முள்ளைப் பார்த்தபடி அதன் மேல் உட்கார்ந்தேன்.